கன்றை நக்கும் பசு

போர்ட்மஹோமக் போயிருந்தேன். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், டார்பட் என்ற கடலோரப் பகுதியில் இருக்கிற சின்ன ஊர். கிழக்குக் கரைதான், ஆனால் துறைமுகம் மேற்கே பார்த்து இருக்கிறது. கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம்!

ஊரின் பழைய தேவாலயம் இப்போது அருங்காட்சியகம். 1994 முதல் 2007 வரை மார்ட்டின் கார்வர் தலைமையில் யார்க் பல்கலைக்கழகத்தினர் இங்கே தோண்டினார்கள். கிடைத்தது, ஸ்காட்லாந்தின் பழைய குடிகளான பிக்ட் மக்களின் மடாலயம். தொடக்கம் ஆறாம் நூற்றாண்டு வாக்கில். கன்றுத் தோலைப் பதப்படுத்தி, எழுதுவதற்கான தோல்தாள் செய்த பட்டறையும் இருந்திருக்கிறது. மாட்டு எலும்புகள், தோலை இழுத்துக் கட்டும் முளைகள், தேய்க்க நுரைக்கல் எல்லாம் அகப்பட்டன. அப்படியானால் இங்கே ஏடுகளும் எழுதியிருப்பார்கள். அவற்றில் ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

கி.பி. 800 வாக்கில் பட்டறை தீக்கிரையானது, சிற்பங்கள் உடைக்கப்பட்டன. கடற்கொள்ளையரான வைக்கிங்குகள் வேலை என்று பலரும் சொல்கிறார்கள்.

சரி, எனக்குப் பிடித்தது ஒரு கல். அதில் மாட்டுக் குடும்பம். தாய்ப்பசு கன்றை நக்கிக்கொடுக்கிறது. கன்றுத் தோலை உரித்து வாழ்ந்த மடம், செதுக்கி வைத்த கல் இது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.