மூச்சு விடும் இடம்

நூலகத்தில் ஒரு சிறுகதையைச் சத்தமாக வாசித்துக் காட்ட ஒப்புக்கொண்டுவிட்டு மூன்று நாளாக வீட்டில் கத்திக்கொண்டிருக்கிறேன், பக்கத்து வீட்டு அக்கா ஏதோ சண்டை என்றே நினைத்துவிட்டார். கண்ணால் படிக்கும்போது உறுத்தாத நீள வாக்கியம், வாயில் வந்ததும் மூச்சு முட்டுகிறது. சரி என்று பென்சிலை எடுத்து, மூச்சு விட ஒரு கோடு, நிறுத்த இரண்டு கோடு.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸும் இப்படிக் கோடு போட்டவர்தான். 1858 முதல் கட்டணம் வைத்துத் தன் கதைகளை மேடையில் வாசித்தவர், அதற்காகத் தன் எழுத்தையே வெட்டிச் சுருக்கி, அடிக்கோடிட்டு, ஓரத்தில் 'கடைசி வரை பயங்கரம்' என்றெல்லாம் தனக்கே குறிப்பு எழுதி வைத்திருந்தார். ஒரே ஆள், ஒரு சின்ன மேசை, ஆளுக்கொரு குரல். 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் நான்சி கொலையாகும் பகுதியை 1869இல் மேடைக்குக் கொண்டுவந்தார். அதை வாசித்து முடித்ததும் மருத்துவர் நாடி பார்த்தால், வழக்கமாக 72 இருப்பது 110ஐத் தாண்டியிருக்கும். 1870 மார்ச்சில் கடைசி வாசிப்பு, ஜூனில் போய்விட்டார்.

எனக்கு அவ்வளவு ஆவேசம் வேண்டாம். பாட்டி பேசும் இடத்தில் குரலை நடுங்கவிடாமல் வேகத்தை மட்டும் குறைத்தேன், பாட்டி வந்துவிட்டார். தாத்தாவுக்குத்தான் இன்னும் குரல் கிடைக்கவில்லை.