நாலு கட்டம்

ஞாயிறு சாயங்காலம் கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் குடியை விடப் பார்க்கிற நாங்கள் ஐந்து பேர், ஒரு நோட்டு. கோயிலில் கயிறு கட்டி இரண்டு முறை தோற்றவன் நான். இங்கே சாமியும் இல்லை, சத்தியமும் இல்லை. 1994-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி என்கிற சுய உதவிக் குழு முறையில் வருகிற நாலு கட்டம்தான்: குடித்தால் கிடைப்பது, போவது, விட்டால் கிடைப்பது, போவது.

கடைசிக் கட்டம்தான் கஷ்டம். "மாங்காய் மண்டிக் கூட்டாளிகள்" என்று எழுதினேன். யாரும் சிரிக்கவில்லை. பேச்சே அங்கிருந்துதான் ஆரம்பித்தது. ஆறு மணிக்கு ஆசை ஏறினால் என்ன செய்வது? ஒருவர் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவாராம். நான் வண்டிச் சாவியை வீட்டில் கொடுத்துவிடுகிறேன். அலை மாதிரி, ஏறினது இறங்கியும் விடுகிறது.

அப்புறம், தினமும் நிறையக் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். அடுத்த ஞாயிறும் அங்கேதான் இருப்போம். சுண்டல் என் செலவு.