எங்கள் சங்கத்தின் மண் அணைக்கு அவசரத் திட்டம் தயாரித்தோம்

தெற்குக் கலிபோர்னியாவில் எங்கள் குடியிருப்புக்கு மேலே ஒரு மண் அணை இருக்கிறது. வீட்டு உரிமையாளர் சங்கம்தான் அதன் சொந்தக்காரர். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் காய்ந்தே கிடக்கும். காட்டுத்தீயில் புதரெல்லாம் எரிந்துபோன சரிவில் கனமழை கொட்டினால் சேறும் பாறையும் மரக்கட்டையும் சேர்ந்து இறங்கும். அவற்றைத் தடுத்து, தண்ணீரை மட்டும் கீழே விடுவதுதான் அணையின் வேலை. 2018 ஜனவரியில் மான்டெசிட்டோவில் 23 பேரைப் பலிகொண்டது இப்படி இறங்கிய சேறுதான்.

எங்கள் அணை 25 அடிக்கு மேல் உயரம், 15 ஏக்கர் அடிக்கு மேல் கொள்ளளவு (ஒரு ஏக்கர் அடி என்பது ஒரு ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர்). அதனால் மாநில அணைப் பாதுகாப்புப் பிரிவின் கட்டணமும் பரிசோதனையும் ஆண்டுதோறும் உண்டு. கீழே புது வீடுகள் வந்த பிறகு, அணையை ‘உயர் அபாய’ வகைக்கு மாற்றிக் கடிதம் வந்தது. சங்கக் கூட்டத்தில் எல்லோரும் பதறிவிட்டார்கள். கரை பலவீனமாகிவிட்டதோ என்ற பயம். கரையின் நிலைக்குத் தனி மதிப்பீடு இருக்கிறது, அதில் ‘திருப்தி’ என்றே இருந்தது. அபாய வகை பார்ப்பது, உடைந்தால் கீழே யாருக்கு என்ன ஆகும் என்பதை மட்டும்தான்.

2017இல் வடக்குக் கலிபோர்னியாவின் ஓரோவில் அணையில், உபரி நீர் வழியும் கலிங்கு சிதைந்து, லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு வந்த சட்டப்படி, குறைந்த அபாய அணைகள் தவிர மற்றவற்றுக்கு, உடைந்தால் தண்ணீர் எங்கெல்லாம் பாயும் என்று காட்டும் வெள்ள வரைபடமும் அவசர நடவடிக்கைத் திட்டமும் கட்டாயம். வரைபடத்தைப் பொறியாளர் போட்டார். மாநிலம் அதை ஏற்றுக்கொண்ட பிறகு திட்டம் எழுத உட்கார்ந்தோம். மாதிரிப் படிவம் இருப்பதால் பெரும்பகுதி சுலபம்தான். நாங்கள் திணறிய இடம் தொலைபேசிப் பட்டியல். நடு ராத்திரி மழையில் கரையை யார் போய்ப் பார்ப்பது? முதல் அழைப்பு யாருக்கு? தனியார் அணைக்குக் காவலாளி கிடையாதே. கடைசியில் முறை வைத்துக்கொண்டோம். கீழ்த்தெருவில் பலர் எங்கள் சங்க உறுப்பினர்கள் இல்லை. வரைபடத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டினோம். தலைக்கு மேலே அணை இருப்பதே சிலருக்கு அன்றுதான் தெரிந்தது. சட்டம் கேட்காவிட்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும் என்று எனக்குப் பட்டது.

வரைபடத்தையும் திட்டத்தையும் 10 ஆண்டுக்குள் புதுப்பிக்க வேண்டும். ஆனால் காகிதம் சேற்றைத் தாங்காது. வண்டல் நிறைந்த அணையில் அடுத்து இறங்கும் சேற்றுக்கு இடமே இருக்காது. தூர் வாருவதென்றால் மீன், வனவிலங்குத் துறைக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பறவைகள் கூடு கட்டும் காலத்தைத் தவிர்த்தால், மழைக்கு முன் கையில் இருப்பது சில வாரங்கள்தான். அப்புறம் கரையில் தரை அணில் தோண்டிய வளைகளை அடைக்க வேண்டும், மரக்கன்று முளைத்தால் உடனே பிடுங்க வேண்டும், தண்ணீரைக் கீழே விடும் வடிகால் கோபுரத்தின் துளைகளில் குப்பை சேராமல் பார்க்க வேண்டும்.

இப்போது மாதச் சந்தாவில் ஒரு பகுதியைத் தூர் வாருவதற்கென்றே தனிக் கணக்கில் போடுகிறோம். இதே மாதிரி அணை வைத்திருக்கும் சங்கங்கள் முதலில் இந்தக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள். மலை எரிந்த பிறகு பணம் திரட்ட நேரம் இருக்காது.