வெட்டுக்காடு வேறு, தாமான் நெகாரா வேறு

மலேசியாவின் மெந்தகாப்பில் பிறந்தவனுக்கு தாமான் நெகாரா தேசியப் பூங்கா கிட்டத்தட்ட பக்கத்து வீடு, ஜெராண்டுட் தாண்டினால் அதன் வாசலான கோலா தகான். ஆனாலும் போன பள்ளி விடுமுறையில்தான் முதல் தடவையாகப் போனேன், மாமாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு. "காட்டைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம், நாப்பது வருசம் வெட்டுக்காட்டுல நிரை பிடிச்சவன்" என்றார் மாமா. பால்மரம் வெட்டியவர்களுக்கு, அதாவது ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர்களுக்கு, வெட்டுக்காடு என்கிற அந்தத் தோட்டமும் காடுதான்.

படகில் ஆற்றைக் கடந்து பெர்மிட் எடுத்தோம், ஆளுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்), கேமராவுக்கு 5. மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் விரிந்த காட்டுக்கு அவ்வளவுதான், அந்த 1 வெள்ளிக்கு இப்போது ஒரு தே தாரே தேநீர்கூடக் கிடைக்காது.

புக்கிட் தெரேசெக் ஏறும் வழியில் மாமா ஆரஞ்சு உரித்து, தோலை மரத்தடியில் போட்டார். தோட்டத்தில் எல்லாரும் செய்வதுதான். வழிகாட்டியாக வந்த மலாய்ப் பையன் ஒன்றும் சொல்லாமல் குனிந்து பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொள்ள, மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"உரம்தானே தம்பி?"

"தோட்டத்துக்கு உரம் வேணும் பாக்சிக், இங்க யாரு கேட்டா?"

வாடைக்குக் குரங்கு வரும், இரண்டு தடவை கிடைத்தால் மூன்றாம் தடவை பையைப் பிடுங்கும் என்றான். பத்துமலைப் படிகளில் வாழைப்பழத்தைப் பறிகொடுத்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை, அங்கே புண்ணியம் என்று நாமேதான் கொடுத்துப் பழக்கினோம். குனோங் தகான் ஏறுகிறவர்கள் கொண்டுபோகும் பொருளை எண்ணி எழுதி, இறங்கும்போது குப்பையைச் சரிபார்ப்பார்களாம். மகன் ஸ்பீக்கரை எடுத்தான், ஒரு முறை முறைத்தேன், உள்ளே போய்விட்டது.

அப்புறம் என் தப்பு. அந்தக் காட்டின் பூர்வகுடிகளான பாத்தேக் மக்களின் குடிசை முன்னால் குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், கேட்காமலே போனைத் தூக்கிவிட்டேன். பையன் கையைக் காட்டி நிறுத்தினான், முதலில் கேளுங்கள் என்று. சின்ன வயதில் எங்கள் தோட்ட லயத்து வீட்டு வாசலில் மூக்கொழுக நின்ற எங்களை, காரில் வந்த யாரோ ஒரு வார்த்தை பேசாமல் படம் எடுத்துப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மா அன்று எங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். போனைப் பையில் போட்டேன், கேட்கவும் வாய் வரவில்லை.

திரும்பும்போது ஜெராண்டுட் கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். மாமா கால்சட்டைப் பையிலிருந்து மூன்று மிட்டாய்த் தாளும் காய்ந்த வாழைப்பழத் தோலும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, குப்பைத் தொட்டி எங்கே என்று கடைக்காரரைக் கேட்டார்.