மகனின் பள்ளிப்பை

கணவரின் வன்முறை தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறிய அன்று இரவு, நானும் பிள்ளைகளும் சிங்கப்பூரின் ஈசூனில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் ஒரு உணவுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. அவன் பள்ளிப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டான். பிறப்புச் சான்றிதழ்களும் என் பாங்க் புத்தகமும் அதில்தான் இருந்தன.

மூன்றாம் நாள் காலை 1800-777-0000 என்ற, வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண்ணை அழைத்தேன். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகக் காத்திருந்தார். அன்று மாலையே காப்பகத்தில் இடம் கிடைத்தது. அதன் முகவரியை யாரிடமும் சொல்லக்கூடாது. என் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

நான்கு வருடங்கள் நான் வாய் திறக்காமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. "விவாகரத்து கேட்காமல் கோர்ட் எதுவும் செய்யாது, உடம்பில் காயம் இருந்தால்தான் நம்புவார்கள்" என்று உறவினர் ஒருவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டேன். இரண்டுமே தவறு. வன்முறை செய்யக்கூடாது என்று கோர்ட் போடும் தனிநபர் பாதுகாப்பு உத்தரவைக் கேட்க விவாகரத்து வேண்டியதில்லை. மனத்தை வதைப்பதும் அடக்கி ஆள்வதும் குடும்ப வன்முறைதான் என்று 2025 ஜனவரி முதல் மாதர் சாசனச் சட்டமே தெளிவாகச் சொல்கிறது. தயவுசெய்து, இதைத் தெரியாதவர்களிடம் சொல்லுங்கள்.

அங் மோ கியோவில் இருக்கும், குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் பேவ் நிலையத்திலிருந்தே அந்த உத்தரவுக்கு விண்ணப்பித்தேன். நீதிபதியிடம் வீடியோ வழியாகப் பேசினேன். எனக்கு மிகவும் கடினமாக இருந்தது வாக்குமூலம் எழுதியதுதான். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன நடந்தது? எனக்குத் தேதிகள் நினைவில்லை. "தீபாவளிக்கு முன்னாலா பின்னாலா? பிள்ளைக்குப் பரீட்சை இருந்ததா?" என்று சமூக ஊழியர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, நினைவு திரும்பியது. ஒருமுறை பாலிகிளினிக்கில் "குளியலறையில் வழுக்கி விழுந்தேன்" என்று பொய் சொல்லியிருந்தேன். ஆனால் மேல்கையில் இருந்த கன்றலை மருத்துவர் குறித்து வைத்திருந்தார். நான் மறைத்தது அவர் குறிப்பில் அப்படியே இருந்தது. அதைப் படித்த நாளில் என்னால் சாப்பிட முடியவில்லை.

முதலில் அவசர உத்தரவு கிடைத்தது. அது 28 நாள் அல்லது முதல் விசாரணை நாள் வரைதான் செல்லும். அப்புறம் சில விசாரணைகளுக்குப் பிறகு முழு உத்தரவும் கிடைத்தது.

காப்பகத்தில் எட்டு மாதம் இருந்தோம். சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் என்ற அரசாங்க நிதி உதவி, பாலர் பள்ளிச் சமையலறையில் வேலை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாடகை வீட்டுக்கு விண்ணப்பம் என்று நாள்கள் ஓடின. ஒவ்வோர் இடத்திலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அது உண்மையிலேயே வலித்தது.

சாவி கிடைத்த அன்று வீட்டில் மின்விசிறிகூட இல்லை. எதிர்வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) ஒரு தட்டு மீ கோரெங் நூடல்ஸும் பழைய மேசை ஒன்றும் கொடுத்தார். தரையில் பாய் விரித்துப் படுத்தோம். மகன் அப்போதும் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டான். "இனி வேண்டாம் கண்ணா" என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் மாதம் வேலை முடிந்து வந்தபோது பை கதவோரம் காலியாகக் கிடந்தது. சான்றிதழ்களை என் அலமாரியில் வைத்துவிட்டு, மக்சிக் கொடுத்த மேசையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தான்.