அணைத்த பிறகும் ஓடும் மீட்டர்
பிளக்கில் செருகி மின்சாரம் அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றை ஒரு வாரமாக வீடு முழுக்கச் சுமந்துகொண்டிருக்கிறேன். முதலில் செட்டாப் பாக்ஸ். படம் ஓடும்போது 11 வாட். சரி என்று ரிமோட்டில் அணைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது, மீட்டரில் 10 வாட்! கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன், இறங்கவே இல்லை. ஒரு வாட் ஆண்டு முழுக்க ஓடினால் 8.76 யூனிட். அப்படியென்றால் யாரும் பார்க்காத இந்தப் பெட்டி மட்டும் வருடத்துக்கு 87 யூனிட்டுக்கு மேல் தின்கிறது. மனசு பொறுக்கவில்லை, இப்போது இரவில் சுவிட்சையே அணைத்துவிடுகிறேன்.

ஃபிரிட்ஜை மட்டும் ஒரு நிமிடம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கம்ப்ரஸர் ஓடும்போது ஒரு கணக்கு, நிற்கும்போது வேறு கணக்கு. குறைந்தது 24 மணி நேரம் மீட்டரை விட்டுவைத்து, மொத்த யூனிட்டைப் பாருங்கள்.

அப்புறம் அலுவலகத்து லேசர் பிரிண்டர். தாளில் மைத்தூளை உருக்கி ஒட்டவைக்கும் உருளை சூடாகும்போது எண் சட்டென்று பல நூறு வாட்டுக்கு எகிறுகிறது. மொபைல் சார்ஜர் சும்மா செருகியிருந்தால் மீட்டரில் பூஜ்யம்தான். இத்தனை நாள் அதற்காகத்தான் எல்லோரையும் கடிந்துகொண்டிருந்தேன்.