ரெண்டு அடுக்கு, ஒரே பை

சிங்கப்பூரில் ஓர் அகழாய்வுத் தளம். மாலையில், தோண்டியெடுத்த பீங்கான் ஓடுகளைக் கழுவ உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். ஒரே பைக்குள் பச்சை மெருகு போட்ட சீனத்து லோங்சுவான் ஓடும், நீலப் பூ அச்சடித்த ஐரோப்பியத் தட்டின் உடைசலும் கிடந்தன. ஒன்று 14ஆம் நூற்றாண்டு, மற்றது வெள்ளைக்காரர் வந்த பிறகு. நடுவே ஏறக்குறைய 500 ஆண்டு. பையைக் கட்டியவள் தொண்டூழியராகச் சேர்ந்து மூன்றே நாளான பாலிடெக்னிக் மாணவி. விஷயம் தெரிந்ததும் முகம் சுருங்கிப்போனது.

தப்பு என்னுடையது. "குழி எண், அடுக்கு எண் எழுதி அட்டையைப் பைக்குள் போடு" என்றேனே தவிர, மண் அடுக்கு மாறினால் காலமும் மாறும், அதனால்தான் பையும் மாறவேண்டும் என்று சொல்லவில்லை. எந்த ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அது வெறும் அழகான உடைசல். திரும்பப் புதைத்துத் தோண்டவா முடியும்?

அதற்காகப் புதியவர்களே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 2015இல் எம்பிரஸ் பிளேஸ் அகழாய்வில் மட்டும் கிடைத்தவை சுமார் 3 டன். கழுவி, பிரித்து, எண்ணிட ஏழெட்டு நிபுணர்களால் ஆகிற காரியமா அது?

தவிர, யார் அனுபவமில்லாதவர்? மேல்மண்ணை வாரிக்கொட்டக் குத்தகையாளர் அனுப்பிய அண்ணன் ஒருவர், சிவகங்கைப் பக்கம். ஒருநாள் சட்டென்று மண்வெட்டியை நிறுத்தினார்.

"தம்பி, சத்தம் மாறுது. இது வேற மண்ணு."

குனிந்து பார்த்தேன். எனக்கு எல்லாம் ஒரே நிறம். கரண்டியால் சுரண்டித் தண்ணீர் தெளித்த பிறகுதான் இரண்டு மண்ணுக்கும் நடுவே கோடு தெரிந்தது.

"எப்படிண்ணே?"

"எங்க அப்பா கெணறு வெட்டுறவரு." அவ்வளவுதான். டீ குடிக்கப் போய்விட்டார்.

1928இல் ஃபோர்ட் கானிங் குன்றில் பழங்காலத் தங்க நகைகளைக் கண்டெடுத்தவர்களும் நீர்த்தேக்கத்துக்காக மண் வெட்டிய கூலியாட்கள்தானே.

மறுநாள் மாணவியை அவர் பக்கத்தில் நிறுத்தினேன். அவருக்கு ஆங்கிலம் தகராறு, அவளுக்குத் தமிழ் தகராறு. மதியத்துக்குள் "அங்கிள், இங்க மாறுதா?" என்று அவள் கேட்பதும், அவர் விரலால் மண்ணைத் தேய்த்துத் தலையாட்டுவதுமாக இருந்தார்கள். பைகள் சரியாக வந்தன.

இரண்டாம் வாரம் அவரை வேறு தளத்துக்கு மாற்றிவிட்டார்கள். அன்று படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அண்ணா, மண்ணு மாறுற கோட்டைக் கண்டுபிடிச்சது அங்கிள். பேரை எங்க எழுதணும்?"

அதற்கென்று கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதச் சொன்னேன்.